கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு விரல்

எங்கள் தையல் கடைக்கு எதிரே ஒரு ஆபீஸ் கட்டடம். அதன் காவல்காரர் ஒரு நாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்தார். "இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் வர்ற மாதிரி பெருசா தைச்சுடுங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. தொளதொளவென்று மாட்டிக்கொண்டு போனால் வகுப்பில் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்று அதற்குத் தெரியாதா?

எங்கள் கடையில் துணி வெட்டுவது கட்டிங் அக்கா. அளவு எடுத்தாள். உடம்புக்குக் கச்சிதமாகவே வெட்டினாள். ஆனால் பாவாடையின் கீழ்மடிப்பில், இடுப்பில், தோளில், கை ஓரத்தில் என்று கண்ணில் படாத இடத்திலெல்லாம் துணியை உள்ளே விட்டு வைத்தாள். முதலாளியைக் கேட்கவில்லை. காவல்காரரிடமும் சொல்லவில்லை. மறு வருஷம் அவர் தயங்கித் தயங்கிப் படியேறி வந்து, புதுசு தைக்க வழியில்லை, ஏதாவது ஒட்டுப் போட முடியுமா என்று கேட்டபோது, அக்கா பாவாடையை வாங்கி, பிளேடால் நாலு இழை நூலை வெட்டி, மடிப்பை இறக்கி இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டாள். மனுஷர் கீழே இறங்கிப் போகும்போது அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்த அக்காவுக்குக் கடையில் பெயர் "நாலுவிரல்". அவளுக்கு முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம், மிஷின் அண்ணனைத் தவிர. அவர் யார் முன்னாலும் எதையும் சொல்லுவார்.

செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் கடை. ஒரே நீள அறை, ஒரே ஜன்னல். ஜன்னலோரம் வெட்டு மேஜை, அது அக்காவுடையது. நடுவில் தையல் மிஷின், அதில் மிஷின் அண்ணன். கதவோரம் ஒரு முக்காலி, அதில் நான். பட்டன் துளை போடுவதைக் காஜா எடுப்பது என்போம். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கீழ்மடிப்பைக் கையால் தைப்பது, இவ்வளவுதான் என் வேலை. அதனால் அக்கா என்னைக் "காஜா" என்றே கூப்பிடுவாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாது.

சாக்பீஸ் என்றதும் எல்லோருக்கும் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான், நான் அஞ்சாம் வகுப்போடு அதை விட்டு வந்தவள் என்றாலும். எங்கள் கடைச் சாக்பீஸ் வேறே. தேய்ந்த சோப்புத் துண்டு போலத் தட்டையாக, மூன்று மூலையோடு இருக்கும். பேர் மட்டும் அதே பேர். அக்கா அதைப் பழைய பிளேடால் சீவிக் கூராக்குவாள். சீவின மாவு ஒரு கிண்ணத்தில் விழும். அவள் விரல், புருவம், காது மடல் எல்லாம் எப்போதும் லேசாக வெளுத்திருக்கும். சாயந்தரம் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பினாலும் அவள் பிடித்து இறங்கிய மாடிக் கைப்பிடியில் வெள்ளை ரேகை இருக்கும்.

சீருடைப் பாவாடைக்கு அவள் இரண்டு கோடு போடுவாள். மேலே ஒன்று, மடிப்புக் கோடு. பாவாடை அங்கே முடியும். கீழே ஒன்று, வெட்டுக் கோடு. கத்தரி அங்கே போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற துணிதான் உள்ளே மடங்கி, பிள்ளை வளரும்போது பிரித்துவிடக் காத்திருக்கும். முதலாளி சொன்ன கணக்கு இரண்டு விரல். அக்கா இடது கையின் நாலு விரலையும் சேர்த்து வைத்து அளந்துதான் அடுத்த கோடு போடுவாள்.

"நீ பாவாடை வெட்டறியா, பாய் விரிக்கிறியா?" என்பார் முதலாளி.

"பிள்ளைங்களும் உங்க கடை வாடகை மாதிரிதான் முதலாளி. ஏறிக்கிட்டேதான் இருக்கும்" என்பாள் அக்கா. அவருக்கே சிரிப்பு வந்துவிடும். போய்விடுவார்.

என் மகளை வயிற்றில் சுமந்திருந்தபோது எனக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. அந்தக் கிண்ணத்து மாவைப் பார்த்தாலே வாய் ஊறும். யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டு நக்கிக்கொள்வேன். மண் வாசனையும் மழை வாசனையும் கலந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அக்கா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. மறு நாளிலிருந்து கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு, அதே இடத்தில் எனக்கென்று வறுத்த கடலை வைத்திருந்தாள். மகள் பிறந்ததும் வந்து பார்த்து, "என் சாக்பீஸைத் தின்னு பொறந்தவ, பாரு எவ்வளவு வெளுப்பா இருக்கா" என்றாள். அதிலிருந்து அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு ஒரு பாத்தியதை.

இனிச் சொல்லப்போவதை நான் என் கண்ணால் பார்த்தபடியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆண்டவனுக்குத் தெரியும்.

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி வருகிற ஒரு பையன் இருந்தான். முன்பல் விழுந்தவன். அவன் காற்சட்டைக்கு அக்கா கோடு போட்டதை நான் பார்த்தேன். இரண்டு கோடு. ஆனால் வெட்டி, தைத்து, என் கைக்கு வந்தபோது உள்ளே மடிக்கத் துணியே இல்லை. நூல் பிரியாமல் சுருட்டித் தைக்க மட்டும் இடம் இருந்தது. அவன் அம்மா வாங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டாள். வளர்கிற பிள்ளைக்கு இப்படியா அளவாகத் தைப்பது என்றாள். நியாயம்தானே? அக்கா வெட்டுத் துண்டுகள் போடும் சாக்கைக் கவிழ்த்துத் தேடினாள். நாலு விரல் கூடுதலாக வெட்டுப்பட்டுப் போயிருந்தால் அந்தப் பட்டைத் துணி சாக்கில் கிடக்க வேண்டுமே. கிடக்கவில்லை.

பல மாசம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தாள். அதே காற்சட்டையை இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "புதுசு மாதிரியே இருக்கு. யாருக்காவது குடுங்க" என்று மேஜையில் வைத்தாள். பையனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

பிறகு இரட்டைப் பெண்கள். ஒரே உயரம், ஒரே இடுப்பு, ஒரே மாதிரி சிணுங்கல். அவர்களுக்குத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே கோடு போட்டு, இரண்டு பாவாடையையும் ஒரே வெட்டில் வெட்டினாள் அக்கா. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த துணி, ஒரே கத்தரி. என் மடிக்கு வந்தபோது ஒன்றில் நாலு விரல் மடிப்பு இருந்தது, மற்றதில் இல்லை. மிஷின் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலி தின்னிருக்கும்" என்று சொன்னார். எலி என்ன அளவு நாடா வைத்துக்கொண்டா தின்னும்? அவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கேலிகூடப் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் எனக்கு அதிகப் பயம்.

அடுத்த வருஷம் பள்ளி திறக்கிற சீசனுக்கு அந்தத் தாய் ஒரு பெண்ணோடு மட்டும் வந்தாள். அக்கா அளவு நாடாவை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் தன்னைப் பற்றி என்னிடம் முதலும் கடைசியுமாகச் சொன்னாள். அந்த வெட்டு மேஜை முன்னே அவள் வீட்டுக்காரருடையது என்பது எனக்குத் தெரியும். அவர் போன பிறகு, ஒரு சீசனுக்கு மட்டும் என்று முதலாளி அவளை நிற்க விட்டார், அப்படியே நின்றுவிட்டாள். அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பது தெரியாது.

"எங்க பையனுக்கு அவர் அளவா வெட்டினார். துணி எதுக்கு வீணா, அடுத்த வருஷம் புதுசு தைச்சுக்கலாம்னார்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அடுத்த வருஷம் தைக்க வேண்டியிருக்கல."

அதிலிருந்து அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம். குழந்தைத் துணி எது வந்தாலும் இரண்டு கோட்டையும் போட்டுவிட்டு, கத்தரியைத் தொடாமல் கேட்பாள்: "காஜா, எத்தனை கோடு தெரியுது?"

நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். "ரெண்டு அக்கா."

அப்புறம்தான் வெட்டுவாள். சீசனில் எத்தனை துணி வெட்டுவாளோ அத்தனை தடவையும் கேட்பாள், நானும் எழுந்து போவேன். "உங்க ரெண்டு பேருக்கும் எண்ணத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லணுமா?" என்று மிஷின் அண்ணன் முனகுவார். ஆனால் அவரும் மிஷினை நிறுத்திவிட்டு என் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் மறுபடி மிதிப்பார்.

என் மகள் பெரிய பள்ளிக்கு மாறினாள். கருநீலப் பாவாடை. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லித் துணி எடுத்தேன். மத்தியானம், எல்லோரும் சாப்பிட்ட நேரம், மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. மிஷின் அண்ணன் மிஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா மகளை வெறுங்காலோடு முக்காலி மேல் நிற்க வைத்து அளந்தாள். "சாக்பீஸ் தின்னிக்கு இடுப்பே இல்லையே" என்று கிச்சுக்கிச்சு மூட்டினாள். மகள் இறங்கி ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தாள்.

அக்கா மேல்கோடு போட்டாள். நாலு விரல் வைத்தாள். கீழ்க்கோடு போட்டாள். கை போனது, மாவு உதிர்ந்தது, சாக்பீஸ் துணி மேல் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது.

"காஜா, எத்தனை கோடு தெரியுது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேஜை விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும், வெள்ளையாக, தெளிவாக, ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே வெறும் நீலம்.

"ரெண்டு அக்கா."

"பொய் சொல்லாதே காஜா. உனக்கு அது வராது."

பிரஷ்ஷால் தட்டித் துணியைச் சுத்தமாக்கினாள். பெட்டியிலிருந்து புதுச் சாக்பீஸ் எடுத்துச் சீவினாள். மறுபடி இரண்டு கோடு. மறுபடி ஒன்றுதான் நின்றது. துணியைப் புரட்டிப் போட்டு அந்தப் பக்கம் போட்டாள். மஞ்சள் சாக்பீஸால் போட்டாள், சோப்புத் துண்டால் போட்டாள். என் கையில் கொடுத்து என்னைப் போடச் சொன்னாள். நான் போட்ட கோடும் நேராகத்தான் போனது. போகிற வரைக்கும் தெரிந்தது. கையை எடுத்ததும் ஈரத் தரையில் விழுந்த மாவு மாதிரி உள்ளே போய்விட்டது.

"அம்மா, முடிஞ்சுதா?" என்றாள் மகள், திரும்பாமலே.

மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டேன். வேறு வார்த்தை வரவில்லை, அவன் பேர் மட்டும்தான் வந்தது. பிறகு அக்காவிடம், தைக்கவே வேண்டாம், துணியைச் சுருட்டிக் கொடுத்துவிடு, கடையில் ரெடிமேடு வாங்கிக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"துணியைச் சுருட்டினா கோடு சுருண்டுடுமா?" என்றாள்.

சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையைத் தன் உடுப்பிலேயே துடைத்துக்கொண்டாள். அந்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே நாலு விரல் வைத்தாள். அதற்குக் கீழே இன்னும் நாலு விரல். அங்கே கத்தரியை வைத்தாள்.

தையல் வேலையில் கோடு இல்லாமல் கத்தரி வைக்க மாட்டார்கள். கைக்குட்டைக்குக்கூட ஒரு கீறல் போட்டுத்தான் வெட்டுவார்கள். பிழைப்பே அதில் இருக்கிறது. அக்கா வெறும் துணியில், குறியே இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். பருத்தித் துணிதான். ஆனால் தோல் வெட்டுகிற மாதிரி வெட்டுப்பட்டது. கத்தரியின் சத்தத்தில் மிஷின் அண்ணன் விழித்துக்கொண்டார்.

"என்ன, கோடில்லாம வெட்டறே?"

"கோடு எனக்குத் தெரியுது. நீங்க தூங்குங்க."

மடிப்புக்கு அவ்வளவு விட்டதில் இடுப்புப் பட்டிக்குத் துணி பற்றவில்லை. அக்கா தன் பையைத் திறந்தாள். தனக்கென்று ஒரு உடுப்பு தைக்க எப்போதோ எடுத்து வைத்த துணி, அதுவும் கருநீலம். கீழ் ஓரத்திலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து எடுத்தாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "எனக்கு இனிமே வளத்தி எங்க? அகலத்துக்குத்தான் துணி வேணும்" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலையணைக்கு அடியில் அந்தப் பாவாடையை வைத்து, உள்மடிப்பைத் தொட்டுக்கொண்டே வேண்டிக்கொண்டிருந்தேன். கெட்டியாக, கனமாக இருந்தது. ஒரு நாள் காலையில் டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுமே சொல்லாமல் வெளியே போனார். அன்று அக்கா வந்தாள். பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைப் பார்த்தாள். விரலால் அளந்து பார்த்தாள்.

"கால் வளந்திருக்கு, காஜா" என்றாள்.

மகள் பிழைத்துக்கொண்டாள். எழுந்து நின்றபோது பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. மடிப்பைப் பிரித்துவிட நானே உட்கார்ந்தேன். பிரித்ததும், முதலில் மடிந்திருந்த இடத்தில் அந்தக் கோடு இருந்தது. வெள்ளை வெளேரென்று. எத்தனை தடவை துவைத்த துணி! சாக்பீஸ் ஒரு தட்டுத் தட்டினால் போகிற பொருள். மடிப்புத் தேய்ந்தால் வெளுக்கத்தான் செய்யும் என்றார் மிஷின் அண்ணன். நான் விரலால் தடவிக் காட்டினேன். விரலில் மாவு ஒட்டியிருந்தது. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். துவைத்து உலர்த்தினால் மறுபடி இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே என் மகளின் முழங்கால் ஆடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. ஆண்டவன் போட்ட கோடாக இருந்தால், அதைத் தாண்டி வெட்டியது பாவம் இல்லையா? அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன், துணியைக் கூட விட்டா சாமி கோவிச்சுக்குமா? சாமி என்ன முதலாளியா?" என்றாள்.

அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

பிறகு அக்கா மெலிய ஆரம்பித்தாள். அவள் உடுப்புகளை நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு மாசம் பிடித்தது அடுத்த மாசம் மறுபடி தொளதொளக்கும். கை நடுங்கியதால் முதலாளி வெட்டு வேலையைப் பாதி என்னிடம் கொடுத்தார். கோடு போடுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவள். இப்போது நான் கேட்பேன், எத்தனை கோடு தெரிகிறது என்று. அவள் இரண்டு என்பாள். எப்போதும் இரண்டுதான் இருந்தது, கடவுள் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று, கூடப்பிறந்தவள் கீழே வண்டியில் காத்திருக்க, அக்கா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தாள். கைப்பிடியில் வெள்ளை படியவில்லை. அந்தக் கருநீலத் துணியைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆபரேஷன் முடிந்து வந்ததும் போட்டுக்கொள்ள ஒரு உடுப்பு வேண்டும் என்றாள். நான் அளவு எடுத்தேன். நாடா அவளைச் சுற்றி வந்தும் என் கையில் நிறைய மிஞ்சியது.

அவள் போன பிறகுதான் துணியை விரித்தேன். நீளத்தை அளந்து மடிப்புக் கோடு போட்டேன். கோடு துணியின் ஓரத்திலேயே விழுந்தது. அதற்குக் கீழே வைக்க நாலு விரல் துணி இல்லை. அந்த நாலு விரல் என் மகளின் இடுப்பில் இருந்தது. வீட்டுக்கு ஓடி, மகளுக்குச் சின்னதாகிவிட்ட பாவாடையை எடுத்து வந்து, பட்டியைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, கோடு இல்லாமல் தள்ளி வெட்டினேன். வேண்டிக்கொண்டே வெட்டினேன். மிஷின் அண்ணன் வாங்கித் தைத்தார்.

உடுப்பு இப்போதும் கடையில் ஜன்னல் பக்கம் தொங்குகிறது. அவள் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் தையலுக்கு மேலாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. நான் அதைத் தட்டுவதில்லை.

அன்று அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது படி வரைக்கும் கூடப் போனேன். ஒரு படி இறங்கினவள் நின்று, திரும்பி, என் விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் மாவைத் தன் விரலால் துடைத்துவிட்டாள்.

"கோடு எங்க விழுந்துச்சுன்னு என்கிட்ட சொல்லாதே. வெட்டும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி வெட்டு, காஜா."